ஃபோர்ட்ரான் இருக்கிறதா?

2003-ஆம் வருடத்திலிருந்து ஒரு ஐந்து வருட காலம், லினக்ஸ் கணினியில் மூல நிரலை இறக்கி மென்பொருள் நிறுவிப் பழகியவர்கள் ஒரு விசித்திரமான கேள்வியை அடிக்கடி திரையில் பார்த்திருப்பார்கள். 'ஃபோர்ட்ரான் கம்பைலர் இருக்கிறதா?' என்பதுதான் அது. நிறுவ வந்தது முழுக்க முழுக்க சி மொழியில் எழுதிய ஒரு சின்ன நூலகமாக இருக்கும். ஃபோர்ட்ரானில் ஒரு வரி கூட அதில் கிடையாது. ஆனாலும் ஜி77 இருக்கிறதா, எஃப்77 இருக்கிறதா, எஃப்90 இருக்கிறதா என்று வரிசையாகப் பத்துப் பதினைந்து பெயர்களைச் சொல்லித் தேடும். எதுவும் கிடைக்கவில்லை என்றால், ஒன்றுமே நடக்காதது போல அடுத்த வேலைக்குப் போய்விடும்.

கிடைத்தால் லாபமில்லை, கிடைக்காவிட்டால் நஷ்டமுமில்லை. பின் எதற்காக இந்தத் தேடல்? இதன் கதையை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கணினி பக்கம் போகாத நண்பர்களும் படிக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

கல்யாணத்துக்குச் சமைக்க வருகிறவர் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் சாமான்களைச் சரிபார்ப்பார் இல்லையா? அண்டா இருக்கிறதா, கரண்டி இருக்கிறதா, அரிசி மூட்டை வந்துவிட்டதா என்று. மென்பொருளுக்கும் அப்படித்தான். ஒரு நிரல் தனியாக ஓடாது. அதற்குக் கம்பைலர் வேண்டும், வேறு நூலகங்கள் வேண்டும். இவற்றைச் சார்புகள் என்கிறோம். நிறுவுவதற்கு முன்னால் இவையெல்லாம் இந்தக் கணினியில் இருக்கின்றனவா என்று பார்ப்பது சார்புச் சோதனை. பார்க்காமல் ஆரம்பித்தால் பாதியில் நிற்கும். ஆகவே சோதனை அவசியம்தான், அதில் சந்தேகமில்லை. வீட்டுக்கு வீடு கிரைண்டர் வந்த பிறகும் 'ஆட்டுக்கல் இருக்கா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிற சமையல்காரரைப் பற்றித்தான் நான் சொல்ல வருவது.

ஆரம்பம் 1976. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடம். அங்கே வேலை பார்த்த ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவரின் அறைக்குள் ஸ்டீவ் ஜான்சன் கோபமாக நுழைகிறார். ஜான்சன் சாதாரண ஆள் இல்லை, 'யாக்' என்ற புகழ்பெற்ற கருவியை எழுதியவர். காலை முழுக்க ஒரு நிரலில் பிழை தேடி வீணாக்கியிருக்கிறார். பிழையை ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்ததால் பழைய நிரலே ஓடிக்கொண்டிருந்தது. ஃபெல்ட்மனுக்கும் முந்தின நாள் மாலை இதே கதிதான் ஆகியிருந்தது. அந்த வார இறுதியிலேயே உட்கார்ந்து 'மேக்' என்ற கருவியை எழுதிவிட்டார். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று எழுதி வைத்துவிட்டால், தேதியும் நேரமும் பார்த்து, மாறியதை மட்டும் மேக் திரும்பக் கம்பைல் செய்யும். இதற்காக 2003-இல் ஏ.சி.எம். அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது.

மேக் கோப்பில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். இடைவெளி விட்டால் ஒத்துக்கொள்ளாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் இதில் மாட்டி விழிக்காத மாணவர் கிடையாது. ஏன் திருத்தவில்லை என்பதை ஃபெல்ட்மனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எழுதிச் சில வாரங்களுக்குள் சுமார் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்களாம், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டார். பன்னிரண்டு பேருக்காக விட்டது ஐம்பது வருடமாக உலகத்துக்கே விதியாகிவிட்டது! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதை முழுக்க இதே குணம் வரும்.

எண்பதுகளில் யூனிக்ஸ் பல கிளைகளாகப் பிரிந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கிளை ஒன்று, ஏ.டி. அண்ட் டி.யின் சிஸ்டம் ஃபைவ் இன்னொன்று. சன், ஐ.பி.எம்., எச்.பி., டெக் என்று ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு வடிவம் வைத்துக்கொண்டது. ஒரே வேலைக்கு இங்கே ஒரு பெயர், அங்கே வேறு பெயர். ஒரு சொல்லுக்குள் ஓர் எழுத்தைத் தேடும் கட்டளைக்கு ஒருவர் 'இண்டெக்ஸ்' என்பார், மற்றவர் 'ஸ்ட்ர்-சார்' என்பார். ஓரிடத்தில் எழுதிய நிரலை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனால் கம்பைல் ஆகாது. 1989-இல் சி மொழிக்கு அன்சி தரம் வந்தது. தரம் காகிதத்தில் வந்ததே தவிர எல்லாக் கணினிக்கும் வந்து சேரப் பல வருடங்கள் ஆயின.

இந்தக் குழப்பத்துக்கு முதலில் ஒரு வழி கண்டவர்களில் லாரி வால் ஒருவர். பின்னால் பெர்ல் மொழியை உருவாக்கியவர். 1984-இல் 'ஆர்என்' என்ற செய்தி வாசிப்பு நிரலை எழுதியபோது, கூடவே ஒரு கான்ஃபிகர் ஸ்க்ரிப்டையும் வைத்தார். நிறுவுகிறவரிடம் கேட்டும், தானே சோதித்துப் பார்த்தும் கணினியின் குணத்தை அது தெரிந்துகொள்ளும். வால் குறும்புக்காரர். பெர்லின் கான்ஃபிகர், வாக்ஸ் கணினிகளில் வி.எம்.எஸ். மேல் யூனிக்ஸ் போல நடிக்கும் 'யூனிஸ்' என்ற சாதனம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால், நீங்கள் யூனிஸில் ஓடவில்லை, வாழ்த்துகள் என்று திரையில் போடும். யூனிஸ் மறைந்து, அப்படி ஒன்று இருந்ததே தெரியாத தலைமுறை வந்த பிறகும் அந்த வாழ்த்து நிற்கவில்லை. வால் செய்தால் வேடிக்கை, மற்றவர்கள் செய்தால் தலைவலி என்று நான் பாரபட்சமாக நினைப்பதுண்டு.

அடுத்த திருப்பம் 1991. டேவிட் மெக்கென்ஸி என்பவர் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்காக க்னூ கருவிகள் பலவற்றைப் பராமரித்து வந்தார். புதுக் கணினி வகைகள் வர வர, நிறுவுகிறவர் மேக் கோப்பில் கையால் தேர்ந்தெடுக்க வேண்டிய விருப்பங்கள் இருபது வரை பெருகிவிட்டன. ஒன்று தவறினாலும் கம்பைல் ஆகாது. அந்தக் கோடையில் அவர் எழுத ஆரம்பித்ததுதான் ஆட்டோகான்ஃப். கணினியின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல் நேரடியாகச் சோதித்துப் பார்ப்பதுதான் அதன் அடிப்படை. ஒரு குட்டி சி நிரலை எழுதும், கம்பைல் செய்யும், ஆனால் 'இருக்கிறது', ஆகாவிட்டால் 'இல்லை'. பெயர் பொய் சொல்லும், கம்பைலர் பொய் சொல்லாது என்ற எண்ணம். அருமையான எண்ணம், இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன். இலவசமாகக் கிடைத்த க்னூ மென்பொருள்கள் அத்தனை விதமான கணினிகளிலும் பரவியதற்கு ஆட்டோகான்ஃப் பெரிய காரணம். நம் நாட்டுக் கல்லூரிகளுக்கு அவை வந்து சேர்ந்ததிலும் அதற்குப் பங்குண்டு.

1996-இல் இதன் கூட்டாளியாக லிப்டூல் வந்தது. பகிர்வு நூலகம் கட்டும் முறை ஒவ்வொரு யூனிக்ஸிலும் ஒவ்வொரு விதம். அந்த வேறுபாட்டை மறைப்பது லிப்டூலின் வேலை. ஆரம்பத்தில் சி மொழிக்கு மட்டும்தான். சி++, ஃபோர்ட்ரான்காரர்களும் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள், நியாயமான கோரிக்கை. 2003-இல் வந்த 1.5 பதிப்பில் எல்லா மொழிகளையும் சேர்த்தார்கள். சேர்த்த விதத்தில்தான் கோளாறு. லிப்டூல் வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும், மொத்த மொழிகளுக்குமான சோதனைகளும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த நிரலில் ஃபோர்ட்ரான் இருக்கிறதா என்று முதலில் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அதைக் கேட்காமல் இந்தக் கணினியில் ஃபோர்ட்ரான் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

அந்த வருடங்களில் நான் ஒரு கணினி மையத்தின் பொறுப்பில் இருந்தேன். பழைய பென்டியம் இயந்திரங்கள். சின்ன நூலகங்களுக்கு, கம்பைல் ஆகும் நேரத்தைவிட கான்ஃபிகர் ஓடும் நேரம் அதிகம். கட்டளையைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய் வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாணவன் கேட்டான்.

"சார், இது சி புரோகிராம்தானே?"

"ஆமாம்."

"அப்ப ஃபோர்ட்ரானை எதுக்கு சார் தேடுது?"

"தேடட்டும் தம்பி, கிடைக்காட்டி விட்டுரும்" என்றேன்.

அவன் விடவில்லை. "அப்ப தேடாமலே விட்டுரலாமே சார்?"

அதற்கு மேல் அன்றைக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. நேரத்தைவிட இன்னொரு தொல்லையும் இருந்தது. நிறுவல் வேறு ஏதோ காரணத்தால் பாதியில் நிற்கும். புதிதாக வந்த உதவியாளர்கள் திரையை மேலே உருட்டிப் பார்ப்பார்கள். ஃபோர்ட்ரான் இல்லை, எஃப்77 இல்லை, எஃப்90 இல்லை என்று வரிசையாக இருக்கும். பாவம், இதுதான் காரணம் போலிருக்கிறது என்று ஃபோர்ட்ரான் கம்பைலரைத் தேடி இறக்கி நிறுவ ஆரம்பித்துவிடுவார்கள். அப்போதைய டெலிபோன் இணைய வேகத்தில் அது அரை நாள் வேலை. உண்மையான பிழைச் செய்தி கடைசியில் ஒற்றை வரியாக உட்கார்ந்திருக்கும். நூறு பொய்க் குற்றவாளிகளுக்கு நடுவில் அந்த நிஜக் குற்றவாளியை யார் பார்ப்பது?

2008-இல் லிப்டூல் 2.2 வந்தபோது, எந்த மொழி தேவையோ அதை மட்டும் சோதித்தால் போதும் என்று மாற்றினார்கள். அதனால் ஃபோர்ட்ரான் உடனே மறைந்துவிடவில்லை. ஆட்டோகான்ஃப் உருவாக்கும் கான்ஃபிகர் ஸ்க்ரிப்ட் மூல நிரலோடு கட்டி அனுப்பப்படும். ஒவ்வொரு மென்பொருளின் ஆசிரியரும் புது லிப்டூலுக்கு மாறிப் புது வெளியீடு போட்டால்தான் மாற்றம் வரும். ஓடிக்கொண்டிருப்பதை எதற்குத் தொட வேண்டும் என்பதுதானே இந்தத் தொழிலின் முதல் பாடம்.

ஃபோர்ட்ரானாவது கண்ணை உறுத்தியதால் போயிற்று. கண்ணை உறுத்தாத சோதனைகள் எத்தனையோ தங்கிவிட்டன. 'ஸ்டாண்டர்ட் லைப்ரரி' என்ற தலைப்புக் கோப்பு இருக்கிறதா என்பது அவற்றில் ஒன்று. அன்சி தரத்தின்படி அது இல்லாமல் சாதாரண சி கம்பைலரே கிடையாது. 1991-இல் கேட்டது சரி, பழைய கணினிகள் நிறைய இருந்தன. 2010-இல் எதற்கு? விடையை உபயோகிக்கிறார்களா என்று பார்த்தால் அதுவும் இல்லை. பல நிரல்களில், கோப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை நேராகச் சேர்த்துக்கொள்ளும் வரிதான் இருக்கும். கேட்பவர் ஒருவர், கவனிப்பவர் யாருமில்லை. புதிதாக நிரல் எழுதுகிறவர் பழைய ஒன்றின் கான்ஃபிகர் கோப்பை அப்படியே நகலெடுப்பார். அல்லது 'ஆட்டோஸ்கேன்' என்ற துணைக் கருவியை ஓட்டுவார். அது நிரலைப் பார்த்துத் தானாகவே ஒரு சோதனைப் பட்டியல் போட்டுக் கொடுக்கும். பட்டியல் நீளுமே தவிர, அதிலிருந்து ஒன்றை நீக்குவது யாருடைய வேலையும் இல்லை. நீக்கினால் உலகின் ஏதோ ஒரு மூலையில் ஏதோ ஒரு பழைய கணினியில் உடையுமோ என்ற பயம் வேறு.

இதைக் கடுமையாகச் சாடி 2012-இல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஃப்ரீபிஎஸ்டியின் முக்கிய நிரலாளர்களில் ஒருவரான டென்மார்க்காரர், பௌல்-ஹென்னிங் காம்ப். ஏ.சி.எம். க்யூ இதழில் வெளியானது. லிப்டூலின் கான்ஃபிகர் 31,085 வரிகள் என்று எண்ணிச் சொன்னார். எந்தத் தலைப்புக் கோப்புகள் இருக்கின்றனவா என்று அது பார்க்கிறதோ, அவை இல்லாத அந்தக் காலத்து யூனிக்ஸ் கணினிகளில் லிப்டூலை ஓட்டுகிற அளவுக்கு மெமரியும் இல்லை, அதன் 16 எம்.பி. மூல நிரலை வைக்க டிஸ்க்கும் இல்லை என்றார். படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். ஆட்டோகான்ஃப் ஆட்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும், ஆனால் கணக்கு கணக்குதான்.

ஆட்டோகான்ஃபின் 2.69 பதிப்பு வந்தது அதே 2012-இல். அடுத்த 2.70 வருவதற்கு 2020 டிசம்பர் ஆகிவிட்டது. உலகமே சார்ந்திருக்கும் ஒரு கருவியைக் கவனிக்க அத்தனை குறைவான ஆட்கள். அந்தப் பதிப்பில் பழைய தலைப்புக் கோப்புச் சோதனைகள் சிலவற்றைக் காலாவதி என்று அறிவித்தார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு உருவான கான்ஃபிகரை ஓட்டினாலும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி இருக்கிறதா என்ற வரி ஓடுவதைப் பார்க்கலாம்.

சரி, கொஞ்ச நேரம் வீணாகிறது, அவ்வளவுதானே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2024-இல் நடந்ததைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அந்த வருடம் மார்ச் 29-ஆம் தேதி, ஆந்த்ரெஸ் ஃப்ராயிண்ட் என்பவர் ஒரு செய்தி வெளியிட்டார். மைக்ரோசாஃப்டில் வேலை, போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர். டெபியன் லினக்ஸின் சோதனைப் பதிப்பில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது, எஸ்.எஸ்.எச். வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட நேரம் ஆவதைக் கவனித்தார். 0.3 விநாடியில் முடிய வேண்டியது 0.8 விநாடி. அந்த அரை விநாடியின் காரணத்தைத் தோண்டிக்கொண்டே போனவர் எக்ஸ்-இஸட் என்ற சுருக்க மென்பொருளில் போய் நின்றார். அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவு. சரியான சாவி வைத்திருப்பவர் உலகின் எந்த மூலையிலிருந்தும், பாதிக்கப்பட்ட கணினிக்குள் கடவுச்சொல் இல்லாமல் தன் கட்டளையை ஓட்ட முடியும். அவை சோதனைப் பதிப்புகளைத் தாண்டிப் பெரும்பாலான சர்வர்களுக்குப் போவதற்குள் பிடிபட்டது நம் அதிர்ஷ்டம்.

கள்ளக் கதவை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் தெரியுமா? மூல நிரலில் தேடினால் கிடைக்காது. ஆட்டோகான்ஃப் உபயோகிக்கும் எம்-4 மேக்ரோ கோப்பு ஒன்றில் சில வரிகள். பொதுவில் எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் அந்த வரிகள் கிடையாது. வெளியீட்டுக் கட்டில் மட்டும் இருந்தன. கான்ஃபிகர் ஓடும்போது அவை விழித்துக்கொண்டு, சோதனைக்கான கோப்புகள் என்று வைத்திருந்த இரண்டு கோப்புகளுக்குள்ளிருந்து விஷத்தை எடுத்து நூலகத்தில் கலந்தன. அதற்கு முன்னால் அவையும் சார்புச் சோதனை செய்தன: இது 64-பிட் லினக்ஸா, கம்பைலர் ஜிசிசியா, டெபியன் அல்லது ஆர்.பி.எம். பொட்டலமாகக் கட்டுகிறார்களா என்று. இல்லையென்றால் சத்தமில்லாமல் விலகிவிடும். அந்தக் கான்ஃபிகர் முழுவதிலும் தேவையானதை மட்டும் கேட்ட சோதனை இது ஒன்றுதானோ என்று கசப்போடு நினைத்துக்கொண்டேன்.

செய்தவர் 'ஜியா டான்' என்ற பெயரில் வந்தவர். யார் என்று இன்றுவரை தெரியாது. 2021-இலிருந்து ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பிலும் பங்கு பெற்றார். பல வருடங்களாகச் சம்பளமில்லாமல் கிட்டத்தட்டத் தனியாளாகப் பராமரித்து வந்தவர் களைத்துப் போயிருந்த நேரம் அது. இந்த நபர் இன்னொரு வேலையும் செய்திருந்தார். 'லேண்ட்லாக்' என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்கிறதா என்று பார்க்கும் குட்டிச் சோதனை நிரலில் ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி வைத்துவிட்டார். புள்ளி இருப்பதால் அது எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. கம்பைல் ஆகாவிட்டால் 'வசதி இல்லை' என்று அர்த்தம். பாதுகாப்பு தானாக அணைந்துவிடும். மெக்கென்ஸி காலத்திலிருந்து வந்த விதிதான்: கம்பைலர் பொய் சொல்லாது. 'இல்லை' என்று வந்த ஒரு வரியை யாரும் நின்று பார்க்கவில்லை. பல வருடங்களாக ஃபோர்ட்ரான் இல்லை, அது இல்லை, இது இல்லை என்று பார்த்துப் பழகிய கண்கள் அல்லவா?

இன்னொன்றும் வெளியே வந்தது. எஸ்.எஸ்.எச். சேவைக்கு எக்ஸ்-இஸட் நூலகம் தேவையே இல்லை. ஓபன்-எஸ்.எஸ்.எச். எழுதியவர்கள் அதைச் சேர்க்கவும் இல்லை. டெபியன் போன்ற சில விநியோகங்கள், சேவை தயாராகிவிட்டது என்று சிஸ்டம்-டி-க்கு ஒரு சின்னத் தகவல் சொல்வதற்காக அதன் நூலகத்தைக் கூட்டி இணைத்திருந்தார்கள். அந்த நூலகம், தன் வேறு ஏதோ வேலைக்காக, எக்ஸ்-இஸட்டையும் கையோடு கூட்டி வந்தது. 2024 ஜூலை 1 அன்று வந்த ஓபன்-எஸ்.எஸ்.எச். 9.8-இல் அந்தத் தகவலை அனுப்பத் தேவையானதைத் தாங்களே எழுதிச் சேர்த்துவிட்டார்கள். அதற்காக சிஸ்டம்-டி நூலகத்தை இணைக்க வேண்டிய அவசியம் அன்றோடு போயிற்று.